ஆய்வுக்கூடத்தில் எழுதிய இரண்டு தாள்கள்

நம் வகுப்புக் குரூப்பில் போன வாரம் அந்தப் படம் வந்ததிலிருந்து உங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். பல்கலைக்கழகப் படிக்கட்டில் நாம் பன்னிரண்டு பேர், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு சயின்ஸ் சார். யார் யாருக்கு என்ன நினைவிருக்கிறது என்று ஒருத்தர் கேட்டார். ஒருத்தருக்கு வெள்ளைப் புகை நினைவிருக்கிறது. ஒருத்தருக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்தது நினைவிருக்கிறது. நான் நாலு தடவை தட்டி நாலு தடவை அழித்தேன். எனக்கு எல்லாமே நினைவிருக்கிறது. அதுதான் என் கஷ்டம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொறாமைக்காரி. இந்த வயதில் நாமெல்லாம் சர்க்கரை, பிரஷர், முட்டிவலி என்று வியாதிகளைப் பட்டியல் போட்டுக்கொள்கிறோம். எனக்கு இவையெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்த வியாதி இது. அடுத்த வீட்டுக்காரி புதுக் குக்கர் வாங்கினால்கூட எனக்கு வயிறு எரியும். ஆனால் அதெல்லாம் சில்லறை. முழுசாக, ராத்தூக்கம் பகல்தூக்கம் கெட்டு நான் பொறாமைப்பட்டது ஒரே ஒருத்தி மேல்தான். அவள் யாரென்று உங்களுக்குத் தெரியும். என் மாமன் மகள்.

நல்லேப்பிள்ளியில் எங்கள் வீடும் மாமன் வீடும் ஒரே தெரு. எங்கப்பாவுக்குப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைக் கடை; சந்தை நாளில் வேலந்தாவளத்துக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். மாமனுக்கு வயல். எனக்கும் அவளுக்கும் நாற்பது நாள் வித்தியாசம், நான்தான் மூத்தவள். அவளுக்குக் கணக்கு வரும். எனக்குக் கையெழுத்து வரும். கையெழுத்தை யாரப்பா மதிக்கிறார்கள்? ஊரில் யாருக்காவது மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டுமானால் என்னைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், அவளை என் தலையில் தூக்கி வைத்தது வேறு யாருமில்லை, என்னைப் பெற்றவள். என் அம்மாவுக்கு அண்ணன் மகள் என்றால் உயிர். எனக்குத் தலை பின்னும்போது நறுக் நறுக்கென்று இழுப்பாள். அவளுக்குப் பின்னும்போது சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். "என்ற அண்ணம் பொண்ணுக்கு இருக்கற மூளையில கால்வாசி உனக்கு இருந்தாப் போதும், நா நிம்மதியாக் கண்ணை மூடுவேன்" என்பாள். இதைச் சொல்லும்போது மாமன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பாள். சும்மா தின்னமாட்டாள், "விடுங்கத்தே, அவ கையெழுத்து எனக்கு வருமா?" என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்லுவாள். அந்த ஆறுதலில்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் பத்தாம் வகுப்பு. புரட்டாசி மாதம், முதல் போக அறுப்பு முடிந்து தெருவெல்லாம் நெல் அவிக்கிற வாசனை. மாமன் வீட்டுப் பின்புறம் பெரிய அண்டாவில் நெல் வெந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள்தான் அடுப்பைப் பார்த்துக்கொள்ளுவாள். எங்கள் வீட்டில் அரிசி மூட்டையாக வரும், அதனால் எனக்கு அந்த வேலை கிடையாது.

ஒரு நாள் சயின்ஸ் சார் வந்து சொன்னார். மலையாளப் பள்ளிக்கூடத்தில் இருந்த நம் தமிழ் டிவிஷனுக்குத் தமிழ் தெரிந்த சயின்ஸ் சார் கிடைக்கவில்லை என்று நமக்கு ஒரு மலையாளத்துக்காரரைப் போட்டிருந்தார்களே, நல்ல மனுஷன், கோபம் மட்டும் மூக்குநுனியில். "யூனிவர்சிட்டியில ஃபிசிக்ஸ் ரிசர்ச் லேப் காணான் போறோம். பந்த்ரண்டு பேர்" என்றார். பேராசிரியர் நவமியன்று வரச்சொல்லியிருந்தாராம். அன்றைக்கு வகுப்புகள் கிடையாது, லேபில் சாவகாசமாகக் காட்டலாம் என்று. அதற்கப்புறம்தான் முக்கியமான விஷயத்தைச் சொன்னார். லேபைப் பார்த்துவிட்டு, கிளம்புவதற்கு முன் அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். யார் நன்றாக எழுதுகிறார்களோ அந்த ஒருத்தரைக் கிறிஸ்துமஸ் லீவில் பத்து நாள் அந்த லேபிலேயே முகாமுக்கு எடுப்பார்கள். ஹாஸ்டலில் தங்கலாம், ஆராய்ச்சிக்காரர்களோடு வேலை செய்யலாம்.

நம் வகுப்பு மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. நீங்களெல்லாம்தான். நான் முன் பெஞ்சில் இருந்தேன், திரும்பாமலேயே தெரிந்தது.

நவமியன்று போவதில் ஒரு வில்லங்கம் இருந்தது. சாருக்கு அது தோன்றவே இல்லை. நம் வீடுகளில் அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கிறவரைக்கும் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. பேரன் பேத்திகள் படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாததில்லை. பரீட்சை தலைக்கு மேல் இருந்தாலும் அந்த இரண்டு நாள் நமக்குச் சொர்க்கம். யாரும் படி என்று சொல்லமாட்டார்கள், படித்தால்தான் அடி விழும்.

பஸ்ஸில் அன்றைக்கு நாம் விளையாடியது நினைவிருக்கிறதா? வழியில் கடை போர்டு, மைல் கல் எதையும் படிக்கக் கூடாது, படித்தால் அவுட். கண்ணில் பட்டதைப் படிக்காமல் இருக்க முடியுமா? பத்து நிமிஷத்தில் எல்லோரும் அவுட். ஒருத்தன் சோடாக் கடை போர்டைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நமக்கு விளையாட்டு. அவள் மட்டும் மெய்யாகவே கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். "ஏம்புள்ள, சரஸ்வதி உன்னைய மட்டுந்தான் பாத்துட்டு இருக்குதா?" என்று கேட்டேன். "அம்மாகிட்டச் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கறேன்" என்றாள். போன வருஷம் பூஜை நாளில் படித்ததால்தான் அரைப் பரீட்சையில் காய்ச்சல் வந்தது என்று என் மாமி நம்பினாள். அவளும் நம்பினாள். அவ்வளவு மூளைக்காரி இதை நம்புகிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

குஷி எதற்கென்றால், அவள் எழுதமாட்டாள் என்று எனக்கு அங்கேயே, பஸ்ஸிலேயே தெரிந்துபோனது. நான் எழுதுவேன். எனக்கும் பயம்தான், ஆனால் பயத்தைவிட ஆசை பெரிசாக இருந்தது.

ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே தரை சில்லென்று இருந்தது. ஏதோ எண்ணெயும் சூடான வயரும் கலந்த வாசனை. ஒரு மூலையில் பம்ப் ஒன்று விடாமல் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நம்மைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது ஆராய்ச்சி அக்கா. சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்களின் மகள், அந்த லேபில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தமிழில் பேசினாள் என்றதும் நமக்கெல்லாம் உயிர் வந்தது. "வாங்க பிள்ளைகளா, பயப்படாம வாங்க. தொடாதீங்கன்னு சொல்லுததை மட்டும் தொடாம இருந்தாப் போதும்" என்றாள்.

ஒரு பெரிய குடுவையிலிருந்து திரவ நைட்ரஜனை ஊற்றினாள். வெள்ளைப் புகை மேசை மேலிருந்து வழிந்து நம் கால்களைச் சுற்றிக்கொண்டு போனது. "யாருகிட்டயாச்சும் பூ இருக்கா?" என்று கேட்டாள். என் தலையிலும் செவ்வந்தி இருந்தது, அவள் தலையிலும் இருந்தது. காலையில் என் அம்மா எனக்கு ஓரத்தில் வாடிய ஒன்றை வைத்துவிட்டு, நன்றாக மலர்ந்ததை எடுத்து அவளுக்கு வைத்திருந்தாள். அக்கா அவள் பூவைத்தான் எடுத்தாள். இடுக்கியில் பிடித்து உள்ளே முக்கி எடுத்து மேசையில் ஒரு தட்டு. பூ கண்ணாடி மாதிரி பொடிப்பொடியாகச் சிதறியது. எல்லோரும் "ஓ!" என்று கத்தினீர்கள். நானும் கத்தினேன். அது அவள் பூ என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கத்தினேன்.

அப்புறம் அந்தக் கறுப்பு வில்லை. கால் ரூபாய்க் காசு அளவு, அடுப்புக்கரியை அழுத்திச் செய்தது போல இருந்தது. குளிர வைத்தால் ஒரு கட்டத்தில் மின்சாரத்துக்கு அதில் தடையே இல்லாமல் போய்விடும் என்று அக்கா சொன்னாள். உலகம் முழுக்க அப்போது அதைப் பற்றித்தான் பேச்சாம். ஒரு நீளக் கம்பியின் நுனியில் செம்புக் கட்டை, கட்டையின் ஒரு முனையில் வில்லை, இன்னொரு முனையில் குளிரை அளக்கும் வயர். மேசையில் இரண்டு முள் மீட்டர். ஒன்று குளிரைக் காட்டும், ஒன்று தடையைக் காட்டும். இரண்டு பேர் வந்து முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார் பேராசிரியர். சார் கையைக் காட்டி, அவளையும் என்னையும் அனுப்பினார்.

"முள்ளைப் பாக்கலாமா?" என்று நான் அவள் காதில் கேட்டேன். "முள்ளு எழுத்தில்லையே, கோட்டை எண்ணிக்கறேன்" என்றாள். அவள் குளிர் மீட்டர், நான் தடை மீட்டர். கம்பியை அக்கா மெல்லக் குடுவைக்குள் இறக்கினாள். என் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, திடீரென்று தொபுக்கென்று பூஜ்யத்தில் விழுந்தது. "விழுந்துருச்சுங்க!" என்று கத்தினேன். பேராசிரியர் சிரித்து, "மிடுக்கி!" என்று என் தோளில் தட்டினார். கெட்டிக்காரி என்று அர்த்தம். ஒரு பெரிய மனுஷர் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. முள் விழுந்ததற்கும் என் கெட்டிக்காரத்தனத்துக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

பிறகு கம்பியை வெளியே தூக்கினார்கள். வில்லை சூடாக ஆரம்பித்ததும் என் முள் மறுபடி எழுந்தது. பேராசிரியரும் சாரும் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்கள். அக்கா குடுவையை நிரப்பப் போனாள். மாமன் மகள் மட்டும் மீட்டரையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்புள்ள, எறங்கறப்ப என்ற முள்ளு ஒரு கோட்டுல நிக்கறப்ப உன்ற முள்ளு உழுந்துச்சு. ஏர்றப்ப அதே கோட்டுலதான எந்திரிக்கோணும்? நாலு கோடு தள்ளி எந்திரிச்சுது."

"மிஷின் பழசா இருக்கும்" என்றேன்.

"இல்லை. வில்லை சின்னது, சுருக்காக் குளுந்து சுருக்காச் சூடாயிருது. இந்தச் செம்புக்கட்டை தடி. நெல்லு அவிக்கறப்ப அடியில வெந்துபோயிருக்கும், மேல கையை வெச்சா சூடே தெரியாது பாரு, அந்த மாதிரி. முள்ளு பொய் சொல்லலை புள்ள. அது வேற எடத்துக் குளிரைச் சொல்லுது. வயரை வில்லைக்கிட்டயே கொண்டாந்து வெச்சா ரெண்டும் ஒண்ணாயிரும்."

இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னாள். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்க அவளுக்குக் கூச்சம், அதிலும் மலையாளத்தில் பேச வேண்டுமென்றால் நாக்கே எழாது.

சாப்பாட்டுக்கப்புறம் நீள மேசையில் நம்மை உட்கார வைத்து ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பையன்களில் ஒருத்தன் மெல்ல, "பூஜைக்கு வெச்சிருக்குதுங்க சார்" என்றான். சாருக்கு மூக்குநுனி சிவந்துவிட்டது. "ரிசர்ச் லேபில வந்நிட்டு அந்தவிசுவாசம் பறயுந்நோ? எழுது!" என்று ஒரு சத்தம். மூடநம்பிக்கை பேசுகிறோமாம். ஒவ்வொருத்தராகப் பேனாவைத் திறந்தோம். நீங்களும் எழுதினீர்கள், சரஸ்வதி யாரையும் ஒன்றும் செய்துவிடவில்லை. நான் பாதிப் பக்கம் எழுதினேன். புகை வந்தது, பூ உடைந்தது, முள் விழுந்தது. அதற்கு மேல் எனக்கு எழுத ஒன்றுமில்லை.

அவள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு மேசையின் கடைசியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். சார் வந்து, "எந்தா குட்டீ, எழுதுந்நில்லே?" என்றார். தலையைக் குனிந்துகொண்டாள். "தலைக்ககத்து ஒந்நுமில்லெங்கில் எந்து எழுதான்!" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மண்டைக்குள் ஒன்றுமில்லையாம். அவளுக்கு! எனக்கு உள்ளுக்குள் சர்க்கரையாக இனித்தது.

அப்போது அவள் என்னைப் பார்த்துக் கெஞ்சினாள். "நா சொல்றேன், நீ எழுதித் தர்றியா? நீதான் ஏற்கெனவே எழுதிட்டயே" என்று கேட்டாள். நான் அவள் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நாலு கோடு, செம்புக் கட்டை, அண்டா, வேற இடத்துக் குளிர், வயரை எங்கே வைக்க வேண்டும், எல்லாம். நான் எழுதுகிற நேரம் முழுக்க அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். எழுத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் படித்ததாகிவிடுமே என்று. ஒரு வரி முடிந்ததும் "ஆச்சா?" என்பாள், நான் "ம்" என்பேன்.

கடைசியில் "மேல என்ற பேரைப் போட்டுரு" என்றாள். "போட்டுட்டேன்" என்றேன். அந்தத் தாளில் என் பேரைப் போட்டேன். புகையும் பூவும் இருந்த என் பாதிப் பக்கத்தில் அவள் பேரைப் போட்டேன். ஒரு நிமிஷ வேலை. எழுத்து முத்து முத்தாக விழுந்தது. இரண்டு தாளையும் நானே கொண்டுபோய் அக்கா கையில் கொடுத்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் பேராசிரியர் கடிதம் வந்தது. தமிழில் இருந்ததை அக்கா அவருக்கு மலையாளத்தில் படித்துச் சொல்லியிருக்கிறாள். அதில் மயங்கிப்போய் அவர் என்னை எடுத்துவிட்டார். தாள்களையும் திருப்பி அனுப்பியிருந்தார். சார் பெருமை தாங்காமல் என்னை வகுப்பு முன்னால் நிறுத்தி, நான் எழுதியதை நானே சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். "முள் பொய் சொல்லவில்லை" என்கிற இடம் வந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"சார், அது நா சொன்னதுங்க. நாந்தான் சொன்னேன், அவ எழுதினா."

சார் அவள் தாளை எடுத்துப் பார்த்தார். புகை, பூ. அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் என் கையெழுத்து. நான் மாட்டினேன் என்று நினைத்தேன். ஆனால் பெரியவர்களின் புத்தி எங்கே போகும் என்று யார் கண்டது? அவர் அவளைப் பார்த்து, "உன் பேப்பரும் இவளைக்கொண்டே எழுதிப்பிச்சு, இப்போ இவளுடையதும் உன்னுடையதுன்னு பறயுந்நோ?" என்றார். என்னைப் பார்த்து, "சத்தியம் பற. இவள் சொல்லித் தந்தாளா?" என்றார்.

"இல்லைங்க சார். எழுதத் தெரியலைன்னு கெஞ்சினா, பாவமேன்னு நா எழுதிக் குடுத்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, என்ன நடக்கிறது என்று புரியாத பார்வை. கணக்கில் எங்கேயும் தப்பில்லாமல் விடை மட்டும் மாறி வந்தால் அப்படித்தான் பார்ப்பாள். சார் அவள் கையை நீட்டச் சொல்லி நாலு அடி கொடுத்தார். அவள் அம்மா வந்து பூஜையைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். "மத்த பதினோரு பேருக்கும் சரஸ்வதி இல்லையா?" என்று கேட்டுச் சார் அனுப்பிவிட்டார். என் அம்மா மட்டும் அன்றைக்கு ராத்திரி எனக்கு நெய் விட்டுச் சோறு போட்டாள். "எங்கண்ணம் பொண்ணு இப்படிப் பண்ணுவான்னு நா நெனைக்கவே இல்லை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நெய்ச்சோற்றை நான் நன்றாகவே சாப்பிட்டேன், பொய் சொல்ல விரும்பவில்லை.

அதற்கப்புறம் நீங்கள் செய்தது. வகுப்பில் யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் பின் பெஞ்சிலிருந்து "நாந்தான் சொன்னேன்!" என்று ஒரு குரல் வரும், எல்லோரும் சிரிப்போம். நாளாக நாளாக "நாந்தான்" என்பதே அவள் பேராகிவிட்டது. அவள் கை தூக்குவதை நிறுத்தினாள். பத்தாவது பாஸ் பண்ணினாள், பிரமாதமான மார்க் ஒன்றுமில்லை. மாமன் மேலே படிக்க அனுப்பவில்லை.

முகாமுக்குப் போனேனே, அதையும் கேளுங்கள். பத்து நாளும் அழுகை. முதல் நாளே அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். வயரை வில்லைக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தாள். இறங்கும்போது விழுந்த கோட்டிலேயே ஏறும்போது முள் எழுந்தது. "மூணு மாசமா இதுல கெடந்து முட்டிக்கிட்டு இருந்தேன்ட்டி. ஒன் புண்ணியம்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அந்தக் கிள்ளல் என்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அதை விட மனசு வரவில்லை. அதைவிடக் கேவலம், இதைக் கேட்காமலே நல்லேப்பிள்ளியில் அடுப்பு ஊதிக்கொண்டிருக்கிறவள் மேல் அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"அது சரி, நெல்லு அவிக்கும்போது மேல ஏன் சூடு தெரியாது?" என்று அக்கா கேட்டாள். நான் நெல் அவித்ததே இல்லை. ஏதோ உளறினேன். அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். "மீட்டர் பக்கத்துல ஒன் கூட நின்னாளே ஒரு பிள்ளை, அவ ஏன் வரல?" என்றாள். "அவளுக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லைங்க்கா" என்றேன். அப்புறம் மீதி நாளெல்லாம் எனக்குக் கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலைதான். ஃபிசிக்ஸோடு என் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. பஞ்சாயத்து ஆபீஸில் கிளார்க்காகி, அழகான கையெழுத்தில் முப்பது வருஷம் ரிஜிஸ்டர் எழுதி ரிட்டயர் ஆனேன். முகாமில் கொடுத்த சர்டிபிகேட் எங்கே போனதென்றே தெரியவில்லை.

போன வாரம் படம் வந்ததும் உங்களில் இரண்டு பேர் "நாந்தான் எங்கே? நாந்தான்!" என்று போட்டீர்கள். வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். அவளும் குரூப்பில் இருக்கிறாள், பார்த்திருக்கிறாள், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டேன். கல்யாணம், கருமாதி என்று பார்த்துக்கொள்வோம், பேசுவோம், ஆனால் இந்தப் பேச்சை இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் எடுத்ததில்லை.

வயலில் இருந்தாள், பின்னால் அறுப்பு மெஷின் சத்தம். "அன்னைக்கு லேபில நடந்ததைக் குரூப்புல எழுதப் போறேன். எல்லாத்தையும்" என்றேன்.

"அன்னைக்கு நா என்ன சொன்னேன்?" என்று கேட்டாள்.

"எதை?"

"அந்த வில்லையைப் பத்தி. ஏதோ சொன்னேன்னு ஞாபகம் இருக்குது. என்னன்னு ஞாபகமில்லை. கை நீட்டினது ஞாபகமிருக்குது, நாந்தான் நாந்தான்னு கத்துனது ஞாபகமிருக்குது. சொன்னது மறந்துபோச்சு புள்ள."

எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. சொன்னேன். நாலு கோடு, செம்புக் கட்டை, அண்டா, வேற இடத்துக் குளிர். அவள் மெஷின்காரனைப் பார்த்து "நிறுத்தப்பா செத்த நேரம்" என்று சத்தம் போட்டாள். சத்தம் நின்றது. "இன்னொருக்காச் சொல்லு" என்றாள். மறுபடி சொன்னேன்.

"நா சொன்னதா இது?"

"நீ சொன்னதுதான்."

"நல்லாத்தான் சொல்லியிருக்கறேன்" என்றாள். அப்புறம், "எழுது. எழுதிட்டு மொதல்ல எனக்கு அனுப்பு. நா படிச்சுப் பாத்ததுக்கப்பறம் குரூப்புல போடு" என்றாள்.

இதுவரை நீங்கள் படித்ததை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டாள்.

"படிச்சேன். எல்லாஞ் சரியா எழுதியிருக்கறே, அடிச்ச அடி வரைக்கும். ஒரு எடம் மட்டும் தப்பு."

"எது?"

"எழுதித் தர்றியான்னு நா உன்னைய எங்க கேட்டேன்? எழுதாமப் போனாப் போகுதுன்னு நா சும்மா உக்காந்திருந்தேன். நீதான் எந்திரிச்சு வந்தே. 'நீ சொல்லு, நா எழுதித் தர்றேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்க, பாவம் வராது'ன்னு சொன்னே."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் சொன்னதுதான் நடந்தது. என் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்ததும், மேசையைச் சுற்றி அவள் இருந்த ஜன்னல் வரைக்கும் நடந்ததும் அவள் சொன்ன பிறகு எனக்கு நன்றாகவே தெரிந்தது. மேலே அந்த இடத்தை நான் திருத்தவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். அவள் கெஞ்சினாள் என்று எழுதியிருக்கிறேனே, அவள் கெஞ்சவில்லை. நானாகத்தான் போனேன்.